ஹக்கா மக்கள் எங்கிருந்து வந்தார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹக்கா நூடுல்ஸில் வரும் ஹக்கா இவர்கள்தானா?

இவர்கள்தான்: தென்சீன மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஒரு சீன மக்கள். ஆனால் தள்ளுவண்டிக் கடையில் சோயா சாஸும் மிளகாய் சாஸும் வினிகரும் ஊற்றி வாணலியில் புரட்டித் தரும் நூடுல்ஸ் கொல்கத்தாவில் பிறந்தது. அங்கே குடியேறிய ஹக்கா சமையல்காரர்கள் இந்திய நாக்குக்கு ஏற்ப மாற்றிய பண்டம் அது. சீனாவின் மெய்சோ நகரத்தில் அதைக் கேட்டால் விழிப்பார்கள். அந்த ஊர்க்காரர் காலையில் சாப்பிடுவது வேறு: வெந்த நூடுல்ஸை வடித்து, பன்றிக்கொழுப்பு நெய்யும் பொரித்த பூண்டும் போட்டுப் பிசறித் தருவார்கள். மிளகாய்க்கு அதில் வேலை இல்லை.

ஹக்கா என்பது தனி இனமா?

சீன அரசின் கணக்கில் இல்லை. அவர்களும் சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் சீனர்களே. அதனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. ‘உலகில் இத்தனை கோடி ஹக்காக்கள்’ என்று இணையத்தில் சுற்றும் எண்கள் எல்லாம் மதிப்பீடுகள்தாம். ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குகூட வேறுபடும்.

தனி மொழி உண்டு, தனி அடையாளம் உண்டு, தாயகம் என்று சொல்ல ஒரு மலைநாடும் உண்டு. ஃபுஜியான், குவாங்டாங், ஜியாங்சி ஆகிய மூன்று மாகாணங்களும் முட்டிக்கொள்ளும் மூலை அது. பழைய பெயர்களில் சொன்னால் டிங்சோ, ஜியாயிங்சோ (இன்றைய மெய்சோ), கான்சோ.

‘ஹக்கா’ என்றால் ‘விருந்தினர்’ என்கிறார்களே, சரியா?

சொல்லுக்குச் சொல் சரி. ‘ஹக்’ என்றால் விருந்தாளி, ‘கா’ என்றால் குடும்பம். மாண்டரினில் ‘கெஜியா’. தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லின் பழைய பொருளே புதுமை, புதிதாய் வந்தவர் என்பதுதான். அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் பொருத்தமான மொழிபெயர்ப்பு. இலை போட்டு உபசரிக்கும் விருந்தாளி என்று எடுத்துக்கொண்டால் தவறு. நம்மூர் வழக்கில் ‘வந்தான் வரத்தான்’ என்று சொல்வோமே, பெயரின் தொனி அதற்குத்தான் நெருக்கம்.

இது அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் மலையிலிருந்து இறங்கி குவாங்டாங்கின் முத்தாற்று (பேர்ல் ஆறு) சமவெளிப் பக்கம் வந்தவர்களை, அங்கே ஏற்கெனவே இருந்த கன்டோனியர் (கன்டோனியம் என்ற சீனப் பேச்சைப் பேசுவோர்) அப்படி அழைத்தார்கள். தங்களை ‘புன்தி’, அதாவது இந்த மண்ணுக்காரர், என்று சொல்லிக்கொண்டார்கள். உள்ளூர்க்காரன் என்று ஒருவன் சொல்லிக்கொண்டால்தானே மற்றவன் விருந்தாளி ஆவான்? எல்லோரும் ஒரே பேச்சுப் பேசிய மெய்சோவில் இந்தப் பெயருக்கு நெடுநாள் தேவையே எழவில்லை.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதும் இதையே காட்டுகிறது. சிச்சுவானில் குடியேறியவர்களின் பேச்சுக்கு ‘நாட்டுக் குவாங்டாங் பேச்சு’ என்று பெயர். மலாயாவிலும் தாய்லாந்திலும் ‘கெக்’ என்பார்கள்; அதே ‘விருந்தாளி’ எழுத்தின் ஹொக்கியன், தியோச்சு (தெற்கு ஃபுஜியான், கிழக்குக் குவாங்டாங் கடற்கரைப் பேச்சுகள்) உச்சரிப்பு. வியட்நாமில் அரசு ஏற்ற 54 இனங்களுள் ஒன்றின் பெயர் ‘ஙாய்’. அது ஹக்கா மொழியில் ‘நான்’ என்று பொருள்படும் சொல்.

ஒரு எச்சரிக்கை: சோங் அரசு (960–1279) காலத்து வரிப்பதிவேடுகளில் ‘விருந்துக் குடிகள்’ என்று ஒரு வகை வரும். அதைப் பார்த்ததும் ‘1,000 ஆண்டுக்கு முன்பே ஹக்காக்கள் பதிவாகியிருக்கிறார்கள்’ என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அங்கே அந்தச் சொல்லுக்குச் சொந்த நிலமில்லாத குடி என்றுதான் பொருள். நாடு முழுக்க இருந்த வரி வகை அது.

வடசீனாவிலிருந்து ஐந்து அலைகளாக வந்தார்கள் என்பது உண்மையா?

இந்த ஐந்தலைக் கணக்கைப் போட்டவர் லுவோ ஷியாங்லின். அவரே ஹக்கா, குவாங்டாங்கின் ஷிங்னிங்காரர். 1933இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் இன்றுவரை எல்லாப் பக்கங்களிலும் மறுபதிப்பாகிக்கொண்டிருக்கிறது. அவர் கணக்கு இது:

முதல் அலை, மேற்கு ஜின் அரசு சரிந்தபோது. 311இல் தலைநகர் லுவோயாங் சூறையாடப்பட்டது. மஞ்சளாற்றுப் படுகையிலிருந்து குடும்பங்கள் யாங்சி ஆற்றுக்குத் தெற்கே நகர்ந்தன.

இரண்டாவது, தாங் அரசின் கடைசிக் காலத்தில். 875 முதல் 884 வரை நடந்த ஹுவாங் சாவ் கலகம் யாங்சிப் பகுதியையே கலக்கியது. மக்கள் தெற்கு ஜியாங்சிக்கும் மேற்கு ஃபுஜியானுக்கும் ஒதுங்கினார்கள்.

மூன்றாவது, சோங் அரசு வடக்கை ஜுர்ச்சென்களிடம் இழந்த 1127 தொடங்கி, மங்கோலியர் தெற்கையும் பிடித்த 1279 வரை. இப்போது கிழக்கு, வடக்குக் குவாங்டாங் மலைகள்.

நான்காவது, சிங் ஆட்சியில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து: குவாங்டாங் கடற்கரை, சிச்சுவான், தைவான்.

ஐந்தாவது, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த உள்ளூர்ப் போர்களுக்குப் பின்: தென்மேற்குக் குவாங்டாங், ஹைனான், கடல்கடந்த நாடுகள்.

கடைசி இரண்டுக்கும் அரசாணைகள், மாவட்டப் பதிவேடுகள், கல்வெட்டுகள் எனச் சான்று குவிந்து கிடக்கிறது. சந்தேகம் வேண்டாம். முதல் மூன்றில் மக்கள் தெற்கே வந்தது உண்மை; ஆனால் வந்தவர்கள் ‘ஹக்காக்கள்’ அல்ல. அதே அலைகளில் வந்தவர்களின் வழிவந்ததாகத்தான் கன்டோனியரும் ஹொக்கியன்காரரும் தங்கள் வம்ச ஏடுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே கிளையின் அண்ணன் வழி சமவெளியில் கன்டோனியராகவும் தம்பி வழி மலையில் ஹக்காவாகவும் இருக்கும் ஏடுகள் உண்டு. 311இல் லுவோயாங்கிலிருந்து ஒரு ஹக்கா கூட்டம் மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பி, ரத்தம் கலக்காமல், பேச்சு மாறாமல் நூற்றாண்டுக் கணக்கில் நடந்து மெய்சோவை அடைந்தது என்ற சித்திரத்தை விட்டுவிடுவது நல்லது.

பிறகு ஏன் லுவோ அப்படி எழுதினார்?

காலத்தின் கட்டாயம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாங்டாங்கில் வந்த சில பாடநூல்களும் ஏடுகளும் ஹக்காக்களைச் சீனரே அல்லாத மலைவாசிகள் என்கிற தோரணையில் எழுதின. ஹக்கா படிப்பாளிகள் கொதித்தார்கள், சங்கங்கள் கூடின. ‘நாங்கள் மத்தியச் சமவெளியின் (மஞ்சளாற்றுப் படுகையின்) உயர்குடி வழித்தோன்றல்கள்’ என்று நிறுவ வேண்டிய நெருக்கடியில் எழுந்த ஆய்வு அது. அவர் பெரிதும் சாய்ந்தது வம்ச ஏடுகளின் மேல். வம்ச ஏடு எழுதுகிறவன் தன் மூதாதையைக் கூலிக்காரன் என்றா எழுதுவான்?

1990களில் மெய்சோவிலேயே இருந்த ஃபாங் ஷுவேஜியா எதிர்முனைக்குப் போனார்: பெரும்பான்மை அந்த மலையின் பூர்வ குடிகள், வடக்கிலிருந்து வந்தவர்கள் சிறுபான்மை, பண்பாடுதான் மேலே படிந்தது என்றார். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கள் கருத்தில் ஃபாங் தட்டிய கதவு சரி; விகிதத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார்.

மரபணு ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

தந்தைவழியில் வடக்கு ஹான் சாயல் தூக்கலாகவும், தாய்வழியில் தெற்கத்திச் சாயல் அதிகமாகவும் தெரிகிறது. வந்த ஆண்கள் இருந்த பெண்களை மணந்தார்கள் என்று படிக்கலாம். இது தென்சீன ஹான் மக்கள் பலருக்கும் பொதுவான அமைப்பு. ‘ஹக்கா மரபணு’ என்று தனியாக ஒன்று இல்லை.

அந்த மலையில் முன்பு இருந்தவர்கள் யார்?

ஷெ என்னும் மக்கள். காட்டை எரித்துப் புனம் விதைத்தவர்கள். இன்று ஷெ மக்களில் பெரும்பாலோர் பேசுவது ஹக்காவுக்கு மிக நெருங்கிய ஒரு பேச்சு. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று மொழியியலாளர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சீனப் பெண்களின் பாதத்தை வளரவிடாமல் துணியால் இறுக்கிக் கட்டும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. ஹக்காப் பெண்கள் அப்படிப் பாதம் கட்டாமல் வயலில் இறங்கியதை ஷெ பழக்கத்தின் தொடர்ச்சி என்று சிலர் சொல்வார்கள். எளிமையான காரணமும் உண்டு: ஆண்கள் சுரங்கத்துக்கும் கல்லுடைக்கவும் வெளியூர் போய்விட்ட மலைவீட்டில், கட்டிய பாதத்தோடு யார் விறகு சுமப்பது?

மொழியிலிருந்து வரலாற்றைப் படிக்க முடியுமா?

முடியும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது.

ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லிக் கேளுங்கள். மாண்டரினில் ‘ஒன்று’ யி, ‘எட்டு’ பா, ‘பத்து’ ஷி. ஹக்காவில் யிட், பாட், ஸிப். ‘மூன்று’ மாண்டரினில் ஸான், ஹக்காவில் ஸாம். தாங் காலத்துச் சீனத்தில் சொல்லிறுதியில் இருந்த ப், ட், க், ம் ஒலிகளை வடக்கு இழந்துவிட்டது, ஹக்கா வைத்திருக்கிறது. உடனே ‘பார், இவர்கள்தான் அசல் வடக்கத்தியர்’ என்று முடிவு கட்டுகிறார்கள். அதுதான் பொறி. கன்டோனியமும் அதே ஒலிகளை அப்படியே வைத்திருக்கிறது. பழையது மிஞ்சியிருப்பதை வைத்து உறவை முடிவு செய்யக்கூடாது. புதிதாக எது சேர்ந்து மாறியது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் தடயம் ஜியாங்சிக்குப் போகிறது. பழஞ்சீனத்தின் வல்லொலிகளில் ஒரு வகை (ஆங்கில d, b போல அதிர்வோடு ஒலித்தவை) ஹக்காவில் எல்லாத் தொனிகளிலும் மூச்சுத் தள்ளிச் சொல்லும் ஒலிகளாக மாறின. ‘நிலம்’ என்ற சொல் மாண்டரினில் மூச்சுத் தள்ளாத ‘தி’, ஹக்காவில் ‘த்ஹி’. ‘வெள்ளை’ ஹக்காவில் ‘ப்ஹாக்’. இதே மாற்றம் அப்படியே நடந்த இன்னொரு மொழி ஜியாங்சியின் கான். ஆக, இந்தப் பேச்சு உருவான வழியில் ஜியாங்சி ஒரு முக்கிய நிறுத்தம். நேரே மஞ்சளாற்றிலிருந்து வந்திறங்கியதல்ல.

ஒரு பக்கக் குறிப்பு: ‘நான்’ என்பது ஹக்காவில் ‘ஙாய்’. தமிழில் ‘ஙப்போல் வளை’ என்று ஆத்திசூடியோடு நின்றுபோன ஙகரத்துக்குச் சொல்முதலில் தினமும் வேலை கொடுக்கும் மொழி இது.

எல்லா ஏடுகளிலும் ஷிபி என்று ஓர் ஊர் வருகிறதே?

மேற்கு ஃபுஜியானின் நிங்ஹுவா மாவட்டத்தில் உள்ள ஊர். ஹக்கா வம்ச ஏடுகளில் பாதிக்கு மேல் ‘எங்கள் மூதாதை ஷிபியில் தங்கி அங்கிருந்து பிரிந்தார்’ என்று ஒரு வரி இருக்கும் என்று சொல்லும் அளவுக்குப் பரவலானது. கன்டோனியருக்கு நான்ஷியோங்கின் ஜூஜி தெரு எப்படியோ, இவர்களுக்கு ஷிபி அப்படி. மலைக்கணவாய் தாண்டியதும் வரும் அகன்ற பள்ளத்தாக்கு. வந்தவர்கள் அங்கே தங்கி மூச்சு வாங்கியிருப்பார்கள் என்பதில் வியப்பில்லை. ஆனால் அத்தனை குலமும் அந்த ஒரே ஊரில் இருந்திருக்க இடம் போதாது. பின்னாளில் ஏடு எழுதியவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதும் இதில் உண்டு.

மலையை விட்டு இறங்கியது ஏன்?

இறங்கியதற்குப் பயிர்தான் முதல் காரணம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் நெல் விளையாத சரிவிலும் விளைந்தன. மலையில் வாய்கள் பெருகின. நிலம் பெருகவில்லை.

அந்தச் சமயத்தில் கீழே கடற்கரை காலியானது. தைவானைத் தளமாக்கிச் சிங் அரசை எதிர்த்த செங் செங்கோங்கின் கூட்டத்துக்கு அரிசி, ஆள், மரம் எதுவும் போகக்கூடாது என்று 1661இல் ஓர் ஆணை பிறந்தது. கரையோர மக்கள் வீடுகளை விட்டு உள்ளே போக வேண்டும். குவாங்டாங்கில் 1662இல் அமலான அந்த உத்தரவில் விலக வேண்டிய தூரம் 50 லி. ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பயிரை அறுக்கக்கூட விடவில்லை. 1669இல் திரும்பலாம் என்றபோது திரும்ப ஆள் மிஞ்சவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தால் வரி வராதே! மலைக்காரர்களுக்கு விதை, மாடு, வரித்தள்ளுபடி என்று சலுகை காட்டி அரசு அழைத்தது. இன்றைய ஹாங்காங், ஷென்ஷென் பகுதி ஹக்கா கிராமங்கள் இப்படி வந்தவை. ஹாங்காங்கின் சுன் வானில் அருங்காட்சியகமாக நிற்கும் சாம் துங் உக் என்ற மதில்சூழ் ஊரைச் சான் குலத்தார் 1786இல் கட்டினார்கள்.

இதே காலத்தில், போரில் ஆளொழிந்த சிச்சுவானை நிரப்பவும் அரசு ஆள் அனுப்பியது. செங்டு அருகே லுவோடாய் ஊரின் சங்க மண்டபங்கள் அந்தக் குடியேற்றத்தின் மிச்சம்.

புன்தி–ஹக்கா போர் எதனால் வந்தது?

அரசு அழைத்ததால் வந்த ஹக்காக்கள் பெருகினார்கள், நல்ல நிலம் முழுக்கப் பழைய குலங்களிடம். ஹக்காக்கள் குத்தகைக்காரர்கள். அரசுப் பணித் தேர்வில் இடஒதுக்கீடு, நீர்ப்பாசனம், கோயில், சந்தை என்று எல்லாவற்றிலும் உரசல் இருந்தது. 1854இல் குவாங்டாங்கில் சிங் அரசுக்கு எதிராகச் செந்தலைப்பாகைக் கலகம் வெடித்தபோது அரசு ஹக்காக்களைப் படையாகத் திரட்டியது. கலகக்காரர்களில் புன்திகள் மிகுதி. கலகம் அடங்கியதும் கையில் இருந்த ஆயுதம் கீழே போகவில்லை. 1855 முதல் 1867 வரை தைஷான், கைபிங், என்பிங், ஹெஷான் பக்கம் ஊர் ஊராக வெட்டிக்கொண்டார்கள். செத்தவர் லட்சக்கணக்கில். பிடிபட்டவர்கள் மக்காவ் வழியாகக் கியூபாவுக்கும் பெருவுக்கும் கூலிகளாக விற்கப்பட்டார்கள். கடைசியில் 1867இல் சிஷி என்று தனி நிர்வாகப் பிரிவைப் பிரித்து ஹக்காக்களை அங்கே ஒதுக்கினார்கள்.

‘நாங்கள் ஹக்கா’ என்று மார்தட்டும் உணர்வு இந்த மோதல்களில்தான் கெட்டிப்பட்டது. வசைப்பெயராக வந்தது கொடியானது.

தைப்பிங் கிளர்ச்சி ஹக்கா கிளர்ச்சியா?

சிங் அரசுக்கு எதிரான அந்தக் கிளர்ச்சி தொடக்கத்தில் அப்படித்தான். தலைவர் ஹொங் ஷியூசுவான் 1814இல் குவாங்டாங்கின் ஹுவா மாவட்டத்து ஹக்கா குடும்பத்தில் பிறந்தவர்; அரசுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர்; தம்மை இயேசுவின் தம்பி என்று நம்பியவர். 1851இல் குவாங்ஷியின் ஜிந்தியனில் கிளம்பியவர்களில் ஹக்கா குடியானவர்களும் கரிசுடுவோரும் சுரங்கத் தொழிலாளரும் அதிகம். 1853இல் நான்ஜிங்கைப் பிடித்துத் தலைநகராக்கியபோது இயக்கம் பல மாகாணத்தாருடையதாக மாறிவிட்டது. பாதம் கட்டாத பெண்கள் தனிப்படையாக நின்றது ஹக்கா வழக்கத்தின் நேரடி விளைவு. 1864இல் நான்ஜிங் வீழ்ந்தது. தப்பியவர்கள் ஹாங்காங்குக்கும் அங்கிருந்து கடல்கடந்தும் போனார்கள்.

வட்டமான மண்கோட்டை வீடுகள் எல்லாம் ஹக்கா வீடுகளா?

இல்லை. சுற்றுலா விளம்பரங்கள் செய்த குழப்பம் இது. ‘துலோ’ எனப்படும் இந்த வீடுகளில் 46ஐ 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. ஃபுஜியானின் யோங்டிங் மாவட்டத்தில் உள்ளவை ஹக்கா வீடுகள். ஹுவாஆன் மாவட்டத்தின் எர்யி லோ போன்றவை ஹொக்கியன் பேசுவோர் கட்டியவை. உள்ளமைப்பிலேயே வேறுபாடு தெரியும். ஹக்கா வீட்டில் எல்லோருக்கும் பொதுவான நடைபாதை ஒவ்வொரு மாடியிலும் வளையமாக ஓடும். ஹொக்கியன் வகையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் படிக்கட்டு. மறுபுறம், ஹக்கா தலைநகர் எனப்படும் மெய்சோவில் வட்டக்கோட்டை அபூர்வம். அங்கே குதிரைலாட வடிவில் பின்புறம் வளைந்து, முன்னே அரைவட்டக் குளம் வைத்த வீடுகள். தெற்கு ஜியாங்சியில் சதுரக் கோட்டைகள்.

கட்டும் முறை: ஆற்றுக்கல் அடுக்கி அடித்தளம். மேலே செம்மண், மணல், சுண்ணாம்பு கலந்த கலவை. முக்கிய இடங்களில் பசையரிசிக் கஞ்சியும் பழுப்புச் சர்க்கரையும் சேர்ப்பார்கள். மரச்சட்டத்துக்குள் கொட்டி உலக்கையால் இடிப்பார்கள். இடையிடையே மூங்கில் பிளாச்சு, நம் கான்கிரீட்டில் கம்பி போல. அவசரப்பட்டால் கெட்டுவிடும். ஈரம் காயாமல் அடுத்த அடுக்கை ஏற்றினால் அடிச்சுவர் பிதுங்கும். அதனால் ஓராண்டுக்கு ஒரு மாடி என்பது வழக்கமான வேகம். சுவர் மேலே போகப்போக மெலியும். மண்சுவருக்கு எதிரி மழை. கூரை விளிம்பை அகல நீட்டியிருப்பது அதற்காக. இன்னோர் எதிரி தீ. உள்ளே எல்லாம் மரம். வாசலுக்கு மேலே தண்ணீர் ஊற்றத் துளை விட்டிருப்பார்கள், கதவுக்கு எவனாவது தீ வைத்தால் அணைக்க.

தரைத்தளம் அடுக்களை, முதல் மாடி தானியக் களஞ்சியம், அதற்கு மேல் படுக்கை. ஒரு குடும்பத்துக்குக் கீழிருந்து மேல்வரை ஒரு செங்குத்துத் துண்டு, ஏறத்தாழ ஒரு கேக் துண்டைப் போல. 1709இல் முடிந்த, யோங்டிங்கின் செங்சி லோ என்ற வீட்டில் நான்கு வளையங்கள்: வெளிவளையம் நான்கு அடுக்கு, அடுக்குக்கு 72 அறை, இரண்டாவதில் 80, மூன்றாவதில் 32, நடுவே மூதாதையர் மண்டபம். மொத்தம் 400. இவ்வளவு கட்டக் காசு எங்கிருந்து வந்தது? யோங்டிங் புகையிலை. கொள்ளைக்காரனுக்குப் பயந்து கட்டினார்கள் என்பது பாதிக் கதை. கொள்ளையடிக்க ஏதோ இருந்தது என்பது மீதி.

தைவானில் இவர்கள் நிலை?

மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 1683இல் தீவு சிங் வசமான பிறகு வந்தவர்கள். நல்ல கரைநிலங்களில் ஹொக்கியன்காரர் முந்திக்கொண்டதால் வடமேற்கில் ஷின்சு, மியாவ்லி, தெற்கில் பிங்டுங் எனக் குன்றோரமாக அமர்ந்தார்கள். 1721இல் சு யிகுய் கலகத்தின்போது பிங்டுங் சமவெளி ஹக்காக்கள் அமைத்த ஊர்க்காவல் படையின் பெயரான ‘ஆறு முகாம்கள்’ இன்றும் அந்த வட்டாரத்துக்குப் பெயராக நிற்கிறது. பள்ளியிலும் ஒளிபரப்பிலும் மாண்டரினே ஆண்ட காலத்தில் மொழி தேய்ந்தது. 1988 டிசம்பர் 28 அன்று ‘எங்கள் தாய்மொழியைத் திருப்பிக் கொடு’ என்று தைப்பே வீதியில் ஊர்வலம் போனார்கள். 2001இல் தனி அரசுத் துறை, 2003இல் ஹக்கா தொலைக்காட்சி வந்தன. ‘மூதாதை நிலத்தை விற்றாலும் மூதாதை பேச்சை விற்காதே’ என்பது ஹக்காப் பழமொழி. வீட்டில் பிள்ளைகளோடு மாண்டரின் பேசுவது நடைமுறை.

தென்கிழக்காசியாவுக்கு எதைத் தேடிப் போனார்கள்?

பெரும்பாலும் சுரங்கத்தை. மேற்குக் கலிமந்தானில் (போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதி) தங்கம், பங்கா தீவிலும் மலாயாவிலும் ஈயம். வணிகத் தெருக்களை ஹொக்கியன்காரரும் தியோச்சுகளும் பிடித்திருந்தார்கள். காட்டுக்குள் போகிற வேலை இவர்களுக்கு வாய்த்தது.

மெய்சோக்காரரான லுவோ ஃபாங்போ 1777இல் கலிமந்தானின் மண்டோரில் நிறுவிய லான்ஃபாங்கை ‘ஆசியாவின் முதல் குடியரசு’ என்று எழுதுகிறார்கள். கொஞ்சம் மிகை. சுரங்கப் பங்காளிகள் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட ‘கொங்சி’ அது. வரி வாங்கியது, நீதி சொன்னது, படை வைத்திருந்தது. 1884இல் டச்சுக்காரர் முடித்துவைத்தார்கள்.

கோலாலம்பூரை நகரமாக்கியவர் என்று பெயர்பெற்ற காப்பித்தான் (அவ்வூர்ச் சீனர் தலைவர்) யாப் ஆ லோய், குவாங்டாங்கின் ஹுய்சோ வட்டார ஹக்கா. 1837இல் பிறந்து, 17 வயதில் மலாயா வந்து, 1868இல் காப்பித்தானாகி, உள்நாட்டுப் போரில் எரிந்த ஊரைத் திரும்பக் கட்டி, 1885இல் இறந்தார். மலேசியாவின் சபாவின் கதை வேறு மாதிரி: 1880களின் தொடக்கத்தில் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமய அமைப்பு வழியாகக் கிறித்தவ ஹக்காக்கள் குடும்பத்தோடு குடாத்தில் இறங்கிப் பயிர்செய்தார்கள்.

இந்தியாவிலும் மொரீசியஸிலும்?

கொல்கத்தாவின் டாங்ராவில் தோல் பதனிடும் ஆலைகள் ஹக்காக்களுடையவையாக இருந்தன. பென்டிங்க் தெருவில் செருப்புக்கடைகள். தோலைத் தொட மற்ற சாதிகள் தயங்கியது அவர்களுக்கு இடம்விட்டது. 1962 போரின்போது இந்தியச் சீனர் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்றச் சொன்னது. பலர் டொரன்டோ போய்விட்டார்கள். அங்கே ‘ஹக்கா உணவகம்’ என்று பலகை இருந்தால் உள்ளே கிடைப்பது நம்மூர்ச் சில்லி சிக்கன்.

மொரீசியஸ் சீனரில் பெரும்பான்மை மெய்சோ வட்டார ஹக்காக்கள். அந்நாட்டு 25 ரூபாய்த் தாளில் இருப்பவர் அவர்களில் ஒருவரான மொய்லின் ஜீன் ஆ-சுவென். 100 ரூபாய்த் தாளில் தமிழரான ரெங்கநாதன் சீனிவாசன்.

என் பாட்டி சீனப் பெண், ஹக்கா என்று கேள்விப்பட்டேன். பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

மலேசியா, சிங்கப்பூர் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். அங்கே சீனப் பெண்குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த வீடுகள் நிறைய. ஏதாவது ஒரு தாள் இருந்தால் முடியும்.

முதலில் குடும்பப் பெயரின் சீன எழுத்தைப் பிடியுங்கள். ரோமன் எழுத்துப்பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ‘சோங்’ என்று பதிவானது இரண்டு மூன்று வெவ்வேறு எழுத்தாக இருக்கலாம். ‘சின்’, ‘சான்’, ‘டான்’, ‘சென்’ நான்கும் ஒரே எழுத்தாக இருக்கலாம்: ஹக்கா, கன்டோனியம், ஹொக்கியன், மாண்டரின் என்ற வரிசையில். ‘சின்’, ‘லியூ’, ‘வூன்’, ‘போங்’ போன்றவை ஹக்கா உச்சரிப்பைக் காட்டும் நல்ல குறிகள்.

அடுத்து கல்லறை. பாட்டியின் அப்பா, அம்மா யாருடைய கல்லாவது இருந்தால் நேர்வெளிச்சத்தில் படம் எடுங்கள். கல்லின் மேற்பகுதியிலோ இரு ஓரங்களிலோ மாவட்டப் பெயர் வெட்டியிருப்பார்கள். அது பழைய பெயராக இருக்கும். ஜியாயிங் என்றால் இன்றைய மெய்சோ. சாங்லே 1914இல் வுஹுவா ஆனது. அதே ஆண்டில் சென்பிங் ஜியாவ்லிங் ஆனது. ஃபுஜியானிலும் ஒரு சாங்லே இருப்பதால் இங்கே வழிதவறுவோர் அதிகம். மாவட்டத்துக்குப் பதிலாக ‘யிங்சுவான்’, ‘ஜியாங்ஷியா’ என்று இருந்தால் அது ஊர் அல்ல, குல மண்டபப் பெயர். சென் குலத்தார் எல்லோருக்கும் யிங்சுவான்தான், ஹக்காவோ இல்லையோ.

மாவட்டம் தெரிந்ததும் அந்த மாவட்டச் சங்கத்தை அணுகலாம். சிங்கப்பூரில் ஜியாயிங்காரர்களின் யிங் ஃபோ ஃபுய் குன் 1822 முதல் இருக்கிறது. வம்ச ஏடு கிடைத்தால் தலைமுறை எழுத்தைத் தேடுங்கள்: ஒரே தலைமுறைச் சகோதரர் எல்லோர் பெயரிலும் பொதுவாக வரும் எழுத்து அது, ஒரு செய்யுளின் வரிசையில் போகும். பாட்டியின் அப்பா பெயரில் உள்ள எழுத்து அந்தச் செய்யுளில் இல்லையென்றால் தவறான ஏடு.

பிறகு ஒரு கூட்டல் கழித்தல். ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு. 1127இல் தெற்கே வந்தவரிடமிருந்து 2000இல் இருப்பவர் 29 முதல் 35ஆம் தலைமுறையாக வர வேண்டும். ஏடு 20 என்று காட்டினால் நடுவில் ஓட்டை இருக்கிறது, அல்லது மேல்பகுதி பெரிய மனிதர் ஒருவரோடு பின்னாளில் ஒட்டப்பட்டது.

பெண்கள் ஏட்டில் பெரும்பாலும் ‘இன்ன குலத்துப் பெண்’ என்று மட்டுமே இருப்பார்கள். மகள்கள் பல ஏடுகளில் இருக்கவே மாட்டார்கள். ஆகவே பாட்டியின் பெயரைத் தேடாதீர்கள். அவருடைய அப்பா, அண்ணன் தம்பி பெயரைத் தேடுங்கள். ஊரில் போய்க் கல்லறை தேடினால் முதல் கல்லறை காலியாக இருக்கலாம், பதற வேண்டாம். சில ஆண்டு கழித்து எலும்பைத் தோண்டித் துடைத்து, மண்சாடியில் உட்கார்ந்த வாக்கில், கீழே கால் எலும்பு, மேலே மண்டையோடு என்று அடுக்கி வேறிடத்தில் வைப்பது அவர்கள் வழக்கம். இடம்பெயரும்போது சாடியைச் சுமந்து போனவர்களும் உண்டு.

தாளே இல்லை என்றால்? பாட்டி சின்ன வயதில் பேசியது யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். ‘சோறு சாப்பிடு’ என்பதற்கு ‘ஸிட் ஃபான்’ என்றாரா (ஹக்கா), ‘ஸிக் ஃபான்’ என்றாரா (கன்டோனியம்), ‘சியா ப்ங்’ என்றாரா (ஹொக்கியன்)? அதுவும் இல்லாத கைக்குழந்தைத் தத்து என்றால் மரபணுச் சோதனை ‘தென்சீனா’ என்பது வரை சொல்லும். ஹக்காவா, எந்த மாவட்டம் என்பதை அதனால் சொல்ல முடியாது. நெருங்கிய உறவினர் யாராவது அதே நிறுவனத்தில் சோதித்திருந்தால் தவிர.